விரலும் விலங்கும்

“இன்னொரு விரலை வை, ஆத்தா!”

வைத்தாள். பெருவிரல் போயிற்று, சுட்டுவிரல் வந்தது. சுட்டுவிரல் போயிற்று, நடுவிரல் வந்தது. முந்தானையில் துடைத்து வைத்தாள், ஊதி ஊதி வைத்தாள், தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசையேற்றி வைத்தாள். கையளவுக் கருவி அது, கண்ணில்லை, காதில்லை, எனினும், இவள் அவளல்லள் என்று தீர்ப்பு வழங்கிக்கொண்டே இருந்தது. ஏலத்தோட்டத்தில் நாற்பதாண்டு உழைத்த கை. களை பிடுங்கி, காய் கொய்து, மலைமழையில் ஊறித் தேய்ந்த விரல். கோடு எங்கே இருக்கும் அதில்? கம்பம் பள்ளத்தாக்கில், ஊர்ப்பெயர் வேண்டாம், ஒரு நியாயவிலைக் கடை வாயிலில் நாம் கண்ட காட்சி இது.

வரிசையில் பின்னால் நின்ற பெரியவர் சிரித்தார். எண்பதைத் தாண்டியவர்.

“பாத்தீகளா வாத்தியாரே கூத்தை! எங்கய்யா காலத்துல ரேகை இருக்குன்னு புடிச்சான். இப்ப ரேகை இல்லைன்னு வெரட்டுறான்!”

சிரிக்கச் சொன்னாரா, சிந்திக்கச் சொன்னாரா? நூறாண்டு வரலாறு அந்த இரண்டு வரிக்குள் சுருண்டு கிடந்தது. இணையத்தின் தீங்குகளைச் சட்டம் எவ்வாறு அடக்குவது, அடக்கும் சட்டத்தை யார் அடக்குவது என்று நகரத்து மன்றங்களில் இன்று பேசுகின்றனர், ஏதோ நேற்று முளைத்த கேள்விபோல. எங்கள் பள்ளத்தாக்குக்கு அது பழைய கேள்வி. மனிதனை எண்ணாக்கி, எண்ணை ஏட்டில் ஏற்றி, ஏட்டைக் காட்டி மனிதனை மேய்க்கும் வித்தையை இங்கே பாட்டன்மார் பட்டறிந்தனர்.

குற்றப் பரம்பரைச் சட்டம் என்பது அரசு வைத்த பெயர். மக்கள் வைத்த பெயர், ரேகைச் சட்டம். மக்களைவிடச் சிறந்த புலவர் யார்? சட்டத்தின் உயிர்நிலை எதுவோ அதையே பெயராக்கிவிட்டனர். 1871இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்டது அது. 1911இல் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. 1914இல் மதுரைக்கு அருகே கீழக்குயில்குடிக் கள்ளர்மீது பாய்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் என்னும் சமூகம் முழுவதையும் வளைத்துக்கொண்டது. உசிலம்பட்டி வட்டாரத்தோடு நின்றதா? இல்லை. ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து இப்பால் வந்து, பள்ளத்தாக்கில் ஏர் பிடித்து வாழ்ந்தவர்களையும் தேடி வந்தது.

வந்து என்ன செய்தது? பெயரைப் பதி என்றது, பதிந்தனர். விரலை உருட்டு என்றது, உருட்டினர். பதிந்தவன் தன் வீட்டில் தூங்கும் உரிமையை இழந்தான். இரவானால் காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ தலையைக் காட்ட வேண்டும். ஆள் இருக்கிறானா என்று பெயர் கூப்பிட்டுப் பார்ப்பர். வெளியூர் போக வேண்டுமா? சீட்டு வேண்டும். எங்கே போகிறான், எதற்குப் போகிறான், எப்போது திரும்புவான், எல்லாம் எழுதிய சீட்டு. ராத்திரிச் சீட்டு என்றால் இன்றும் கிழவர்கள் முகம் சுளிப்பர். மனைவிக்குப் பேறுகாலமா? அவன் சாவடியில். மகனுக்குக் காய்ச்சலா? அவன் சாவடியில். ஊரில் ஒரு மாடு காணாமற்போனால், சாவடியில் படுத்திருந்தவனையே முதலில் எழுப்பி உதைத்தனர்.

திருடினானா என்று கேட்கவில்லை அந்தச் சட்டம். பிறந்தானா என்று கேட்டது!

நீதிமன்றம் போகலாமே என்பீர்கள். போக முடியாது. ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்புச் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாதென்று சட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்தனர். கதவையும் பூட்டி, சாவியையும் விழுங்கிவிட்டனர். எங்கிருந்து வந்தது இந்தத் துணிவு? தச்சன் மகன் தச்சன், கொல்லன் மகன் கொல்லன், தொழிலைச் சாதி தீர்மானிக்கும் நாட்டில் களவும் ஒரு குலத்தொழிலே என்று வாதிட்டனர், சட்டம் செய்தவர்கள். பிறப்பிலேயே தரம் பிரித்த மனுவை வெள்ளையன் மறுக்கவில்லை. தன் வசதிக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டான்.

விரற்கோட்டுக் கலையே இந்த நாட்டில் வளர்ந்த பயிர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1858இல் வங்கத்தில் வில்லியம் எர்செல் என்னும் அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவர் நாளை கையெழுத்தை மறுத்துவிடுவாரோ என்றஞ்சி, ஒப்பந்தத்தில் கையை மையில் தோய்த்துப் பதியச் செய்தார். 1897இல் கல்கத்தாவில் விரற்கோட்டு நிலையம் எழுந்தது. கோடுகளை வகைப்படுத்தி, ஆயிரக்கணக்கான தாள்களுக்கிடையே ஒன்றைத் தேடி எடுக்கும் முறையை வகுக்க உழைத்தவர்கள் அசிசுல் அக்கும் ஏமசந்திர போசும்; உலகம் அதற்கு வைத்த பெயர் என்றி முறை, மேலதிகாரி எட்வர்டு என்றியின் பெயரால். உழைத்தவன் ஒருவன், உலகப்புகழ் இன்னொருவனுக்கு. புதிதா நமக்கு?

அந்தத் தேடும் முறைதான் உண்மையான வலை. ஊரில் ஏர் பிடிக்கும் ஒருவனின் விரல், அவனறியாத நகரத்தில் ஓர் அலமாரியில் இருக்கிறது. அவனைப் பற்றி அவனுக்குத் தெரியாத ஒன்று யாருக்கோ தெரிந்திருக்கிறது. மின்சாரமே எட்டாத சிற்றூர்களில், மையாலும் தாளாலும் பின்னப்பட்டது அந்த வலை.

வலையை அறுக்க முயன்ற ஊர் ஒன்று உண்டு. ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கிழக்கே, உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர். உழுது பிழைக்கிறோம், எவர் பொருளையும் தொட்டறியோம், விரலை நீட்ட மாட்டோம் என்றனர் அவ்வூரார். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவற்படை வந்தது. கூட்டம் கலையவில்லை. துப்பாக்கி முழங்கிற்று. மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டனர். சாலியன்வாலா பாக்கில் குருதி சிந்தியது 1919 ஏப்ரல் 13. ஓராண்டுகூட முழுதாய் நிரம்பவில்லை. அமிர்தசரசின் கதையைப் பாடநூலில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். பெருங்காமநல்லூர் எங்கே என்று வகுப்பில் கேட்டால், பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைகளே விழிக்கின்றனர். குற்றம் பிள்ளைகளுடையதன்று.

செங்கன்னூரில் பிறந்து மதுரைக்கு வந்து வழக்குரைத்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், ரேகைச் சட்டத்தை எதிர்த்து இம்மக்களுக்காக வாதாடினார். ரோசாப்பூ துரை என்று கொண்டாடினர் அவரை. பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயர் வைத்தனர். பின்னர் முத்துராமலிங்கத் தேவரும் பொதுவுடைமைத் தோழர்களும் போராடினர். அரசும் இடையிடையே அருள் பாலித்தது: கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிக்கூடங்கள் திறந்தது. ஒரு கையில் மைப்பெட்டி, மறு கையில் அரிச்சுவடி!

1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. 1952இல் நாடு முழுவதும் ஒழிந்தது. ஒழிந்ததா? 1948இலேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டமென்று வேறொன்று சென்னையில் வந்தது. பிறப்பை விட்டார்கள், பதிவேட்டை விடவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி ஆராய்ந்து 2009இல் நூல் வெளியிட்ட மானிடவியலார் ஆனந்த் பாண்டியன், அந்தச் சட்டம் மக்களின் நினைவிலும் தம்மைப் பற்றிய எண்ணத்திலும் விட்டுப்போன தடத்தை விரிவாக எழுதியுள்ளார். சட்டத்தை ஒரு நாளில் நீக்கலாம். தடம் அவ்வளவு எளிதில் அழிவதில்லை.

“வெள்ளையன் போனான், ரேகைச் சட்டம் போயிற்று. கைப்பேசிக்கும் அதற்கும் என்ன உறவு?” என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். இணையத்தில் தீங்கே இல்லை என்று சொல்லும் குருடரல்லர் நாம். கைப்பேசிக்கு வரும் ஆறிலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, ஆயுட்காலச் சேமிப்பை அரை நிமிடத்தில் துடைத்துச் செல்கின்றனர். காவலர் வேடம் பூண்டு திரையில் தோன்றி, ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிக்கின்றனர். பெண்ணின் முகத்தை வெட்டி வேறு உடலில் ஒட்டி ஊரெங்கும் அனுப்புகின்றனர். இவற்றுக்குச் சட்டம் வேண்டாமா? வேண்டும். 2000இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்ததை நாம் வரவேற்கவே செய்கிறோம். அதன்படி நாட்டில் முதன்முதலாக வழங்கப்பட்ட தண்டனைகளுள் ஒன்று நம் சென்னையில், எழும்பூர் நீதிமன்றத்தில், 2004 நவம்பரில் வழங்கப்பட்டது. மணமுறிவு பெற்ற ஒரு பெண்ணின் பெயரால் இணையக் குழுக்களில் இழிமொழி எழுதி, அவர் தொலைபேசி எண்ணையும் பரப்பியவன் சிறை சென்றான். புகார் எழுந்தது பிப்ரவரியில், தீர்ப்பு நவம்பரில். செயலைப் பார்த்தது சட்டம், சான்றைப் பார்த்தது, செய்தவனைத் தண்டித்தது. ஊரார் அனைவரின் விரலையும் அது கேட்கவில்லை.

அந்த நேர்மை நிலைத்ததா? மும்பைத் தாக்குதலின் சூடு ஆறுமுன், 2008 டிசம்பரில், அச்சட்டத்தைத் திருத்தினர். புகுந்தது 66ஏ என்னும் பிரிவு. பிறருக்கு எரிச்சலூட்டும் செய்தி, இடையூறு தரும் செய்தி, மிகவும் மனம் புண்படுத்தும் செய்தி அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை! எரிச்சலுக்கு அளவுகோல் உண்டா? மூடப்பழக்கத்தைக் கண்டித்தால் மூடனுக்கு எரிச்சல்; ஊழலைக் கண்டித்தால் ஊழலாளனுக்கு எரிச்சல். ஈரோட்டுப் பெரியவர் வாழ்நாள் முழுதும் பேசியவற்றை இந்தப் பிரிவால் அளந்தால் எத்தனை ஆண்டுச் சிறை தேறும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 2012 அக்டோபரில் புதுச்சேரி வணிகர் ஒருவர், அந்நாளைய நடுவண் நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதிய சில சொற்களுக்காகக் கைதானார். அடுத்த மாதம் மராட்டியத்தில், பால் தாக்கரே மறைவையொட்டி நகரம் அடைக்கப்பட்டதேன் என்று முகநூலில் எழுதிய இளம்பெண்ணும், அதற்கு விருப்பக்குறி இட்ட அவர் தோழியும் கைதாயினர். எழுதியதுதான் குற்றம் என்றாலும், பிடித்திருக்கிறது என்றதுமா குற்றம்?

சிரேயா சிங்கால் என்னும் இளம்பெண் உச்சநீதிமன்றப் படியேறினார். 2015 மார்ச் 24ஆம் நாள் 66ஏ செல்லாதென்று தீர்ப்பாயிற்று. செத்தது பாம்பு என்று மகிழ்ந்தோம். ஆறாண்டு கழிந்து, 2021 சூலையில், அதே பிரிவில் இன்னும் வழக்குகள் பதியப்படுகின்றன என்று கேட்டு உச்சநீதிமன்றமே அதிர்ந்தது. எவர்மீதும் அப்பிரிவில் வழக்கு நடத்தக் கூடாதென்று 2022 அக்டோபரில் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. 1947ஐயும் 1948ஐயும் அறிந்த எங்கள் பள்ளத்தாக்குப் பெரியவர்களுக்கு இதில் வியப்பேதுமில்லை.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்ததை நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது. குலதெய்வக் கோயிலைத் தேடி உறவினருடன் சென்ற மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் வருகின்றனர் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிய ஊரார் அவரை அடித்தே கொன்றனர். வதந்தியைச் சுமந்து வந்தது வலை, ஐயமில்லை. ஆனால் முகம் புதிது, ஆகவே கள்வர் என்று முடிவுகட்டிய மனம் வலையில் பிறந்ததா? சாவடிக்கு ஆளைக் கூப்பிட்ட அதே பழைய மனமல்லவா அது?

அந்நிறுவனம் அவ்வாண்டு சூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் திருப்பி அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு கட்டியது. அது ஒரு வழி. எவர் மடலையும் பிரிக்காத வழி. 2021 பிப்ரவரியில் நடுவண் அரசு வேறு வழி வகுத்தது: ஐம்பது இலட்சம் பேருக்கு மேல் பயன்படுத்தும் செய்தி நிறுவனங்கள், நீதிமன்றமோ அரசோ ஆணையிட்டால், ஒரு செய்தியை முதன்முதல் எழுதியவர் யாரென்று காட்ட வேண்டும். ஒருவரைக் காட்ட வேண்டுமானால் எல்லோர் செய்தியின்மீதும் அடையாளம் பொறித்து வைக்க நேரும் என்று வாட்ஸ்அப் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்காடியது. அந்நிறுவனத்தின் வருவாய்க் கணக்கு நமக்குத் தெரியாததன்று. அதன் பரிவில் நாம் மயங்கவில்லை. ஆனால் மாடு திருடிய ஒருவனைப் பிடிக்க ஊரார் அத்தனை பேர் விரலையும் மையில் தோய்ப்பது எத்தகைய நீதி என்பதை நாம் கண்டிருக்கிறோம்.

தூத்துக்குடியை மறப்போமா? 2018 மே 22இல் துப்பாக்கிச் சூடு, பதின்மூன்று உயிர்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த ஆணை! வதந்தியைத் தடுக்க என்றனர். மகன் உயிரோடிருக்கிறானா என்று கேட்க முயன்ற தாயின் குரலும் வதந்தியா? இத்தகைய ஆணைகளை ஒளிக்காமல் வெளியிட வேண்டும், எல்லையின்றி நீட்டக் கூடாது என்று உச்சநீதிமன்றம் காசுமீர் வழக்கில் 2020 சனவரி 10இல் சொன்னது.

இனி விரலுக்கு வருவோம். 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகச் சொன்னார்கள்: தனிமனிதனின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று. வழக்குத் தொடுத்தவர் புட்டசாமி, ஓய்வுபெற்ற நீதிபதி. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், உயிருரிமைக்காகவும் நீதிமன்றம் வர முடியாதென்று ஒப்பிய நீதிபதிகளுள் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட், அந்தத் தீர்ப்புத் தவறென்று 2017இல் எழுதியவர் அவர் மகன் டி.ஒய். சந்திரசூட். தந்தை சொல் மிக்க மந்திரமில்லை என்று சிறுவர்க்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருக்கிறோம் நாம். இந்த இடத்தில் மட்டும் மகன் பக்கம் நிற்கிறோம். மறு ஆண்டு செப்டம்பர் 26இல் ஆதார் சட்டம் பெரும்பான்மைத் தீர்ப்பால் நிலைத்தது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்டு வாங்கும் வழியை அடைத்தது. ரேகை பொருந்தவில்லை என்பதற்காக எவருக்கும் பங்குப்பொருளை மறுக்கக் கூடாதென்று நடுவண் அரசின் உணவுத்துறையே 2017 அக்டோபரில் எழுதியிருக்கிறது. கிழவிக்கு அது தெரியாது. கருவிக்கும் தெரியாது.

1920இல், பெருங்காமநல்லூரில் சுட்ட அதே ஆண்டில், சிறைப்பட்டோரின் அளவும் விரலும் எடுக்கவும் ஒரு சட்டம் செய்தனர். நூற்றிரண்டு ஆண்டு கழித்து, 2022இல், அதை நீக்கி நாம் செய்த புதுச்சட்டம் என்ன சொல்கிறது? விரல் போதாது, உள்ளங்கை, பாதம், கண்ணின் கருவிழி, உடற்கூறு மாதிரியும் எடுக்கலாம். எழுபத்தைந்து ஆண்டு வைத்திருக்கலாம். குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டால் அழிக்க வேண்டும் என்ற விதியுண்டு, மாற்று ஆணை இல்லாவிடில். ரேகைச் சட்டத்தில் அந்த அளவு இரக்கமும் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறோம்.

2023இல் எண்ணிமத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெயரைச் சொல்லவே மூச்சு வாங்குகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; முதன்மையான கடமைகளை நிறைவேற்றப் பதினெட்டு மாத அவகாசம் அளித்தனர். நம் விவரங்களைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம். நன்று! தண்டம் யாருக்குப் போகும்? அரசின் தொகுநிதிக்கு. விவரம் பறிபோனவனுக்கு? முன்பிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீடு கேட்க 43ஏ என்றொரு பிரிவிருந்தது. அதை நீக்க இந்தச் சட்டத்திலேயே எழுதினர். மாறாக, பொய்ப்புகார் கொடுக்கும் குடிமகனுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம் உண்டு. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி, தன் அமைப்புகளுள் வேண்டியவற்றுக்குச் சட்டத்திலிருந்தே விலக்களிக்கும் அதிகாரத்தை நடுவண் அரசு தன் கையில் வைத்துக்கொண்டது. கடைக்காரன் தராசை முத்திரையிட வருகிறார் அதிகாரி, தம் தராசை வீட்டில் பூட்டிவிட்டு!

அந்நியர் எழுதிய ஏட்டைப் பற்றியே இதுவரை பேசினோம். நம் கையிலும் ஓர் ஏடுண்டு. வகுப்பிலுள்ள பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், சாதி, குருதி வகை, பெற்றோர் வருமானம், கைப்பேசி எண், ஆதார் எண் ஆகியவற்றை இணையத்தில் ஏற்றுவது ஆசிரியர் வேலைகளுள் ஒன்று. சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தாய் வந்திருந்தார். ஏலத்தோட்டத்துக்கு விடியற்காலையில் சீப்பில் போகிறவர். மகளைச் சேர்ப்பதற்காக அன்றைக்குக் கூலியை விட்டு வந்தார். அட்டையை நீட்டிவிட்டு நாம் தட்டச்சு செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இந்த நம்பரெல்லாம் எங்க சார் போகுது?”

“சென்னைக்கும்மா.”

“அங்க யாரு சார் பாப்பாங்க?”

விரல் விசைப்பலகையில் நின்றது. நமக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னோம். அவர் தலையை அசைத்துக்கொண்டார். கடைசி நான்கு இலக்கங்களையும் அடித்து முடித்து, அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டோம்.